ஓர் இறாத்தல் பாண்

சகோதரி ஒருவர் எழுதிய கடிதத்தை இம்மாதப் பக்கத்துக்கென்றே எடுத்து வைத்திருந்தேன். ஐந்தாம் தரத்தில் படிக்கும் அவருடைய மகள், 'எனது காலை உணவு' என்ற கட்டுரையில் "நான் பாணும் சம்பலும் சாப்பிட்டேன்" என்று எழுதியிருக்கிறாள். கொப்பி திரும்பி வந்தபோது 'பாண்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் 'ரொட்டி' என்று திருத்தம். "பாண் தமிழ்ச் சொல் இல்லையாம். அப்படியானால் அது என்ன சொல்? பாணை ரொட்டி என்று எழுதினால் ரொட்டியை என்னவென்று எழுதுவது? 'நான் சாப்பிட்டது ரொட்டி இல்லையே உம்மா' என்று பிள்ளை கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார் அந்தச் சகோதரி.

பிள்ளை கேட்டது சரியான கேள்வி. தேங்காய்ப்பூவைப் போட்டுக் குழைத்து, தட்டி, சட்டியில் சுட்டெடுப்பது ரொட்டி. ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்து, பொங்கியதும் போறணைக்குள் தள்ளி வேக வைப்பது பாண். நம் ஊரில் ஒரு சிறு பிள்ளையைக் கடைக்கு அனுப்பி ரொட்டி வாங்கி வரச் சொன்னால் அது பாணோடு திரும்பி வராது. இரண்டும் இரண்டு பொருள். ஆகவே இரண்டுக்கும் இரண்டு சொல்.

இனி அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இலத்தீன் மொழியில் இதற்குப் 'பானிஸ்' என்று பெயர். அதிலிருந்து ஸ்பானிய மொழியில் 'பான்' வந்தது. போர்த்துக்கேய மொழியில் அதே சொல் மூக்கால் ஒலிக்கும் 'பாவ்ங்' என்பது போலத் தேய்ந்தது. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களோடு இந்த உணவும் அதன் பெயரும் வந்தன. சிங்களத்தில் அது 'பான்' ஆனது, நமது தமிழில் 'பாண்' ஆனது. அந்தச் சொல்லை எழுதிப் பாருங்கள்: மூக்கொலியை 'ண்' என்ற எழுத்தில் பிடித்து வைத்திருக்கிறோம்.

அதே கப்பற்காரர்கள் கோவாவிலும் இறங்கினார்கள். அங்கே கொங்கணி மொழி பேசுவோரின் காதில் மூக்கொலியை விடக் கடைசியில் வரும் 'வ்' பலமாக விழுந்தது போலும். அவர்கள் அதைப் 'பாவ்' என்றார்கள். பம்பாய்த் தெருக்களில் விற்கும் பாவ் பாஜியில் உள்ள பாவும் நமது பாணும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1543இல் போர்த்துக்கேயர் ஜப்பான் கரையை அடைந்தார்கள். ஜப்பானியர் இன்றைக்கும் இதைப் 'பான்' என்றே சொல்கிறார்கள். வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஜப்பானுக்குப் போகும் நமது பிள்ளைகள் பேக்கரியில் தடுமாற வேண்டியதில்லை.

'போறணை'யும் அவர்கள் கொடுத்ததுதான். போர்த்துக்கேய மொழியில் அடுப்புக் குகைக்கு 'ஃபோர்னு' என்று பெயர். தமிழில் 'ஃப' என்ற ஒலி இல்லை, ஆகவே 'ப'. சிங்களத்தில் 'போரணுவ', நமக்குப் 'போறணை'.

இந்த இடத்தில் நம்மவர்களில் சிலருக்கு மனம் கொஞ்சம் உறுத்தும். உறுத்தவும் வேண்டும். போர்த்துக்கேயர் இலங்கை முஸ்லிம்களுக்கு நண்பர்களாக வந்தவர்கள் அல்லர். இந்து சமுத்திர வர்த்தகத்தில் முஸ்லிம்கள் அவர்களுக்குப் போட்டியாக இருந்தார்கள். 1626இல் தமது ஆட்சிக்கு உட்பட்ட இடங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றப் போர்த்துக்கேயர் உத்தரவிட்டார்கள். அப்போது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்து, ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார் என்பது வரலாற்று நூல்கள் சொல்லும் செய்தி. இந்தக் கரையில் அதற்கு முன்பும் முஸ்லிம்கள் இருந்தார்கள். எல்லோரும் அப்போது வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் துரத்தியவனின் சொல்லைத் துரத்தப்பட்டவனின் பேரப்பிள்ளைகள் நாள்தோறும் காலையில் வாயில் வைக்கிறோம் என்பது உண்மை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். மட்டக்களப்புப் புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல். ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். பத்தே ஆண்டுகள்! இந்தப் பத்து ஆண்டுகளில் மருதமுனை வரைக்கும் பாண் வந்திருக்கும் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. கொழும்பிலும் காலியிலும் வேரூன்றிய சொல், பின்னால் பேக்கரிக்காரர்களோடும் வியாபாரிகளோடும் பறங்கியரோடும் கரை வழியே நடந்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மட்டக்களப்பில் வாழும் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் மூத்தவர்கள் இன்றும் போர்த்துக்கேயக் கலப்பு மொழி பேசுகிறார்கள். கோட்டை போய் நூற்றாண்டுகள் பலவாகியும் பேச்சு போகவில்லை.

'பாண்' என்பதை அழித்துவிட்டு எழுதச் சொல்லும் ஆசிரியர்கள் தயவுசெய்து ஒருமுறை தமது வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். 'சாவி'யால் அலுமாரியைத் திறக்கிறோம். சாவியும் போர்த்துக்கேயம், அலுமாரியும் போர்த்துக்கேயம். மேசை, கதிரை, சன்னல், துவாய், சப்பாத்து, சட்டையில் உள்ள பொத்தான் எல்லாம் அந்தக் கப்பலில் வந்த சாமான்கள்தாம். உட்காரும் 'வாங்கு'கூட அப்படித்தான். (பள்ளிவாசலில் சொல்லும் வாங்கு வேறு. அது பாரசீகச் சொல். ஒரே எழுத்து, ஒரே ஒலி, இரண்டு வெவ்வேறு வழியாக வந்து நம் வாயில் சந்தித்திருக்கின்றன.) இவற்றையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டால் பிள்ளையின் கட்டுரையில் 'நான்' மட்டும்தான் மிஞ்சும்.

சரி, பாண் கூடாது, ரொட்டி? ரொட்டியும் வடக்கிலிருந்து வந்த சொல்தான். இந்தியில் 'ரோட்டி', மலாயில் 'ரோத்தி', நமக்கு 'ரொட்டி'. ஒரு விருந்தாளியை வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு விருந்தாளியை உட்கார வைத்திருக்கிறார் அந்த ஆசிரியை. வடக்கே பேக்கரிக்கு 'வெதுப்பகம்' என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். நல்ல சொல்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் வெதுப்பகத்துக்குப் போகிறவர்களும் அங்கே கேட்பது பாண்தான்.

நம் ஊருக்கே உரிய உதாரணம் ஒன்றும் உண்டு. மருதமுனையின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது கைத்தறி. நமது தறிகளில் நெய்த சாறனை உடுத்தாத ஊர் கிழக்கில் ஏது? அந்தச் 'சாறன்' மலாய்ச் சொல். நூலை நனைத்து, சாயம் போட்டு, பாவு ஓட்டி, தறியில் குந்தி நெய்தது நமது பெண்களும் ஆண்களும். பெயர் மலாயிலிருந்து வந்தது என்பதற்காகச் சாறனை யாரும் நம்முடையது இல்லை என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

சொற்களின் வேரைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பழந்தமிழில் 'பாண்' என்ற சொல் உண்டு. அது பாட்டையும் பாணர் குலத்தையும் குறிப்பது. அதற்கும் நமது காலை உணவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 'பணிஸ்' இன்னும் ஏமாற்றும். இலத்தீன் 'பானிஸ்' அப்படியே பணிஸாக வந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது ஆங்கிலத்தில் பன்மையாகச் சொல்லும் 'பன்ஸ்'. நாம் அதையே ஒருமையாக்கி 'ஒரு பணிஸ்' என்று கேட்கிறோம், இரண்டு வாங்கினால் 'ரெண்டு பணிஸ்'. இந்தியாவிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. 'பாவ்' என்றால் அங்கே கால் பங்கு என்றும் பொருள் உண்டு. ஆகவே நான்கு துண்டாக வருவதால் பாவ் என்று பெயர் வந்தது என்பார்கள் சிலர். காலால் மிதித்து மா பிசைந்ததால் வந்தது என்பார்கள் வேறு சிலர். இரண்டும் பிறகு கட்டிய கதைகள்.

தமக்கென்று ஒரு பழம்பெரும் பாண் மரபு உள்ளவர்கள் மட்டும் சொந்தப் பெயரா வைத்திருக்கிறார்கள்? ரஷ்யா, உக்ரேன், போலந்து ஆகிய நாடுகளில் பேசப்படும் ஸ்லாவிய மொழிகளைப் பாருங்கள். அந்த மக்களுக்குப் பாண் உயிர் மாதிரி. வீட்டுக்கு வரும் விருந்தினரைப் பாணும் உப்பும் வைத்து வரவேற்பது அவர்களுடைய மரபு. விருந்தோம்பலுக்கே ரஷ்ய மொழியில் பாணையும் உப்பையும் சேர்த்த ஒரு சொல் இருக்கிறது. இவ்வளவு மரியாதைக்குரிய அந்தப் பாணுக்கு ரஷ்யர் 'ஹ்லியெப்' என்றும், உக்ரேனியர் 'ஹ்லிப்' என்றும், போலந்துக்காரர் 'ஹ்லெப்' என்றும் சொல்கிறார்கள். இந்தச் சொல் பக்கத்தில் வாழ்ந்த பழைய ஜெர்மானியக் குடிகளிடமிருந்து வாங்கியது என்பதே மொழியறிஞர் பெரும்பாலோரின் முடிவு. ஆங்கிலத்தில் ஒரு முழுப் பாணைக் குறிக்கும் 'லோஃப்' என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான்.

உக்ரேனில் கல்யாணத்துக்கென்று 'கொரொவாய்' என்ற பெரிய பாண் ஒன்று சுடுவார்கள். அதன் மேல் மாவாலேயே பறவையும் பூவும் இலையும் செய்து ஒட்டுவார்கள். மா பிசைவதற்குக் கண்டவரையும் விடமாட்டார்கள். கணவனோடு சந்தோஷமாக வாழும் பெண்களைத்தான் அழைப்பார்கள். அந்தப் பெயரைப் 'பசு' என்னும் சொல்லோடு தொடர்புபடுத்துவோர் பலர். வட்டமான 'கொலாச்' என்னும் பாணுக்குச் சக்கரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் வந்தது. இப்படி விசேஷத்துக்குச் சுடுவதற்குத் தமது வீட்டுச் சொல்லும், நாள்தோறும் உண்பதற்கு அயல் வீட்டுச் சொல்லும் வைத்துக்கொண்டு அவர்கள் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள்.

'லோஃப்' என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆங்கிலத்தில் சீமாட்டியைக் குறிக்கும் 'லேடி' என்ற சொல்லைப் பழைய ஆங்கிலத்தில் பிரித்துப் பார்த்தால் 'பாணுக்கு மா பிசைபவள்' என்று பொருள் வருகிறது. 'லோட்', அதாவது பிரபு, 'பாணைக் காவல் காப்பவன்'. பிசைகிறவள் ஒருத்தி, காவல் இருக்கிறவன் ஒருவன்! இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. தோழருக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'கொம்பேனியன்' என்பதும் இலத்தீனில் 'பாணைச் சேர்ந்து உண்பவர்' என்ற கருத்தில் பிறந்தது. கொம்பனி என்ற சொல்லும் அதே குடும்பம். அடுத்த தடவை கொழும்பு போகும்போது கொம்பனித்தெருவைக் கடந்தால், அந்தப் பெயருக்குள்ளும் ஒரு துண்டுப் பாண் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அரபு நாடுகளில் வேலை செய்து திரும்பிய நமது சகோதரிகளுக்கு இன்னொரு பெயரும் தெரிந்திருக்கும். அங்கே அது 'குப்ஸ்'. நம்மவர் வாயில் 'குபூஸ்'. எகிப்தில் மட்டும் பேச்சு வழக்கில் 'ஐஷ்' என்கிறார்கள். அரபியில் அதன் பொருள் வாழ்வு.

அரபு என்றதும், இந்தப் பக்கத்துக்குத் தலைப்பாக வைத்த தொடருக்கு வருகிறேன். கடையில் நாம் கேட்பது வெறும் பாண் அல்லவே, 'ஓர் இறாத்தல் பாண்' அல்லவா கேட்கிறோம்? 'இறாத்தல்' என்பது 'ரத்ல்' என்ற அரபுச் சொல். அரபு வணிகர்கள் சரக்கை நிறுத்த நிறைக்கு அதுதான் பெயர். நாட்டுக்கு நாடு அதன் அளவு மாறியது. ஆங்கிலேயர் காலத்தில் அவர்களுடைய பவுண் நிறைக்கு, அதாவது ஏறத்தாழ 454 கிராமுக்கு, நாம் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டோம். அரபிகளும் அதைத் தாமாக உண்டாக்கவில்லை. 'லித்ரா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார்கள். பெற்றோல் ஷெட்டில் கேட்கும் 'லீற்றர்' அந்த லித்ராவின் இன்னொரு பிள்ளை.

கடற்கரைத் துறைமுகங்களில் போர்த்துக்கேயரும் அரபு வழியில் வந்த வணிகர்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்ற நூற்றாண்டு ஒன்று இருந்தது. அவர்களுடைய இரண்டு சொற்களும், முன்னால் ஒரு தமிழ் 'ஓர்' சேர்ந்து, ஒரு கடைக்காரரின் கடதாசிப் பைக்குள் ஒன்றாகப் படுத்துக் கிடக்கின்றன. அந்தச் சகோதரியின் மகளுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்: மகளே, நீ எழுதியது சரி. உன் ஆசிரியையிடம் மரியாதையாக இந்தக் கதையைச் சொல். ரொட்டி சாப்பிட்ட நாளில் ரொட்டி என்று எழுது.

பெயர் பழையது என்றாலும், பாண் நமது அடுப்படிக்குள் அன்றாட உணவாக நுழைந்தது அவ்வளவு பழைய கதையில்லை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது, கோதுமை மா கைக்கு வந்தது. பிட்டும் இடியப்பமும் அவித்த பெண்கள் வேறு வழியில்லாமல் அந்த மாவைப் பழகிக்கொண்டார்கள். பிறகு அதுவே வழியாகிவிட்டது. விடியற்காலையில் அடுப்பு மூட்டி அவிப்பதை விடப் பாணை வாங்கிப் பருப்போ பால்சொதியோ வைப்பது லேசு. தறிக்குப் போகிற பெண்ணுக்கும் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிற பெண்ணுக்கும் அந்த ஒரு மணித்தியாலம் பெரிய விஷயம். இன்றைக்கு வாசலுக்கே பாண் வருகிறது. பேதோவன் 1810இல் எழுதிய பியானோ மெட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டோ வரும்போது, அது யாருடைய இசை என்று தெரியாமலேயே சில்லறையை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம்.

இதில் ஓர் அபாயமும் உண்டு. இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை. முழுவதும் கப்பலில் வருகிறது. ஆகவே பாண் என்பது எப்போதும் அரசியலும்கூட. 1970களின் நடுப்பகுதியில் விடியுமுன்னே பாண் வரிசையில் நின்றதை மூத்தம்மாமார் இன்னும் சொல்வார்கள். 1994 தேர்தலில் 3 ரூபா 50 சதத்துக்குப் பாண் என்ற வாக்குறுதி மேடைக்கு மேடை ஒலித்தது. 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தது. அதே வருடம் ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்தது. அந்த இரண்டு நாடுகளும் சேர்ந்து உலகக் கோதுமை ஏற்றுமதியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அனுப்பிக்கொண்டிருந்தவை. ஹ்லிப் சுடுகிறவர்களின் வயலில் குண்டு விழுந்தால் நமது பாணின் விலையும் ஏறும் என்பதை அப்போது கண்ணால் கண்டோம்.

விலை ஏறும்போது இன்னொன்றும் நடக்கும். பாண் சத்தமில்லாமல் மெலியும். வெளியில் பார்க்க அதே உயரம், கையில் எடுத்தால் பஞ்சு. பெயர் மட்டும் இறாத்தல். இது பற்றி முறைப்பாடுகள் பெருகியதால், 2024 பெப்ரவரியில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானி மூலம் நிறையை அறிவித்தது. முழுப் பாண் 450 கிராம் இருக்க வேண்டும், பாதிப் பாண் 225 கிராம். வேகும்போது ஈரம் வற்றுவதால் மிகச் சிறிய குறைவுக்கு மட்டும் இடம் கொடுத்திருக்கிறார்கள். முழுப் பாணில் அது 13.5 கிராம்.

கேக் செய்யவென்று பல வீடுகளில் சிறிய மின் தராசு வாங்கி வைத்திருக்கிறோம். நாளைக் காலையில் பாணை வெட்டுமுன் ஒருமுறை அதில் வைத்துப் பாருங்கள். 436 கிராமுக்குக் கீழே முள்ளோ இலக்கமோ நின்றால், முதலில் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அவர் காது கொடுக்காவிட்டால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தமிழிலேயே பேசுங்கள், 'பாண்' என்றே சொல்லுங்கள்.